மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பதை அளப்பது எப்படி? (13–16 வயது, தமிழ்வழிப் பிள்ளைகள்)

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். முதுகலை உளவியல், கடைசி வருடம். ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப நினைத்து மனதுக்குள்ளேயே புழுங்கும் பழக்கத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ரூமினேஷன் என்பார்கள். 13 முதல் 16 வயது வரை, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள்.

என் வழிகாட்டி, ரூமினேஷனை அளக்கும் ஆர்.ஆர்.எஸ். அளவுகோலைத் தமிழாக்கிக்கொள் என்றார். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹொக்சிமா உருவாக்கியது. 22 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 22-க்கும் 88-க்கும் நடுவில் வரும். இரண்டு வாரம் உட்கார்ந்து தமிழாக்கினேன். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தியது. எனக்கு ஏக சந்தோஷம்.

நேற்று எங்கள் தெருவில் டியூஷனுக்கு வரும் ஒன்பது பிள்ளைகளிடம், அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, வார்த்தை புரிகிறதா என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். தாளின் மேலே 'மனதில் அசைபோடுதல்' என்று போட்டிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் 4, 4, 4 என்று போட்டுக்கொண்டே போனான். என்னடா என்று கேட்டால், "கொடைக்கானல் டூர் போனதை டெய்லி அசைபோடுவேன்க்கா, ஜாலியா இருக்கும்" என்கிறான்.

தமிழில் அது இனிப்பான சொல் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. சொல்லை மாற்றினால் போதுமா, அளவுகோலையே மாற்ற வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சைக்கிள் கடை:
இது எனக்குச் சம்பந்தமில்லாத துறை. சும்மா படிக்க வந்தவன். ஆங்கிலச் சொல்லும் மாட்டிலிருந்துதான் வந்திருக்கிறது, லத்தீனில் அசைபோடுவதற்கான சொல். ஒரே மாடு, இரண்டு வேறு மேய்ச்சல். அவர்கள் மென்றதையே மென்று நோகிறார்கள், நாம் பழைய ஞாபகத்தை மென்று ருசிக்கிறோம்.

இணையத்தில் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விழுங்கிய சாப்பாடு தானாக மறுபடி வாய்க்கு வருகிற ஒரு நோய்க்கும் அதே பெயர்தான். நான் அரைமணி நேரம் அதைப் படித்துவிட்டு, இதற்கும் பத்தாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

புள்ளியியல் புலி:
வைகைக்கரை மேடம், சொல்லைவிடப் பெரிய சிக்கல் உங்கள் அளவுகோலிலேயே இருக்கிறது.

அந்த 22 வாக்கியங்களில் பல, மனச்சோர்வின் அறிகுறிகளையே வேறு வார்த்தையில் கேட்பவை. எவ்வளவு சோர்வாக இருக்கிறது என்று நினைக்கிறாயா, எதிலும் மனம் ஒட்டவில்லையே என்று நினைக்கிறாயா என்ற ரகம். சோர்வு இருக்கிற பிள்ளைதான் சோர்வைப் பற்றி நினைக்கும். அப்புறம் இந்த மதிப்பெண்ணை மனச்சோர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, 'பலமான தொடர்பு கண்டறியப்பட்டது' என்று எழுதுவீர்கள். ஒரே பாலை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு இரண்டும் வெள்ளை என்று சொல்கிற கதை.

இதை நோலன்-ஹொக்சிமாவே ஒப்புக்கொண்டார். 2003-இல் டிரேனர், கொன்சாலஸ் இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் 12 வாக்கியங்களைத் தூக்கிவிட்டார்கள். மிச்சம் 10. அது இரண்டு கூறாகப் பிரிந்தது, கூறுக்கு ஐந்து. ஒன்று, 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்கிற புழுக்கம். இன்னொன்று, ஏன் இப்படித் தோன்றுகிறது என்று நிதானமாக உள்ளே பார்க்கிற சிந்தனை. முதலாவது பிற்காலத்தில் மனச்சோர்வு கூடுவதோடு சேர்ந்து போனது. இரண்டாவது அந்த நேரத்தில் சோர்வோடு இருந்தாலும், நாள்பட அது குறைவதோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்தால் எதை அளந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

வைகைக்கரை:
புலி சார், அந்தப் பத்து வாக்கியங்களையும் தனியாக எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் இடிக்கிறது.

புழுக்கக் கூறில் ஒரு வாக்கியம், இதற்கு நான் என்ன செய்தேன் என்று நொந்துகொள்வது. தமிழில் யோசிக்காமலே 'நான் என்ன பாவம் செய்தேன்' என்று வருகிறது. அதைப் படித்த பெண்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பஸ் போனாலும் அதைத்தான் சொல்வோம், பால் பொங்கினாலும் அதைத்தான் சொல்வோம் என்கிறார்கள். ஒருத்தி, "அது எங்கம்மா டயலாக்" என்றாள்.

சிந்தனைக் கூறு இன்னும் மோசம். தனியாக ஓரிடத்துக்குப் போய் என் உணர்வுகளைப் பற்றி யோசிப்பேன் என்று வருகிறது. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? மனதில் இருப்பதை எழுதி வைப்பேன் என்று இன்னொன்று. "எழுதினா அண்ணன் எடுத்துப் படிச்சுருவான்" என்று ஒருத்தி 1 போட்டாள். அது அவள் மனதைப் பற்றிய பதிலா, அண்ணனைப் பற்றிய பதிலா?

நல்லூர் உளவளத்துணை:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இளம் ஆக்களோடு உளவளத்துணை வேலை செய்கிறேன்.

தமிழ் ஒன்றுதான் என்று நினைத்து ஒரே தாளை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகாதேங்கோ. எங்கட பக்கம் 'யோசனை' என்றாலே கவலை. ஒருவரைத் தேற்றும்போது "யோசியாதேங்கோ" என்றுதான் சொல்வோம். "பிள்ளை ஒரே யோசனையா இருக்கிறாள்" என்று தாய் கூட்டிக்கொண்டு வந்தால், அது எங்களுக்கு ஒரு முறைப்பாடு, உங்கட பக்கம் புகார் என்பீர்கள். உங்கள் பக்கம் ஆசிரியர் "நல்லா யோசி" என்று பிள்ளையை ஊக்கப்படுத்துவார். 'நான் நிறைய யோசிப்பேன்' என்ற வாக்கியத்துக்கு மதுரைப் பிள்ளை பெருமையாக 4 போடும், யாழ்ப்பாணப் பிள்ளை அழுதுகொண்டு 4 போடும். எண் ஒன்று, பொருள் இரண்டு.

அளவுக்கு மீறி யோசிப்பதைத் துன்பத்தின் பெயராகவே வைத்திருக்கிற சமூகங்கள் உலகத்தில் நிறைய. சிம்பாப்வேயின் ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்ற சொல்லுக்கு அதே அர்த்தம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 நோய்க் கையேடு அதை அந்தச் சொல்லாலேயே பதிந்திருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்லைப் பாவிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கோ. வாக்கியம் எழுதுவது அதற்குப் பிறகு.

கரும்பலகை:
அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள். இதையெல்லாம் எதற்கு அளக்க வேண்டும்? வருடத்துக்கு நாலு பேர் ஏதாவது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பீரியட் போகிறது. அப்புறம் அவர்களை ஆளையே காணோம். எந்தப் பிள்ளை மனசு சரியில்லாமல் இருக்கிறது என்று எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

புள்ளியியல் புலி:
சார், உங்களுக்குத் தெரிவது சத்தம் போடும் பிள்ளை, பரீட்சையில் சறுக்கும் பிள்ளை, ஜன்னலைப் பார்க்கும் பிள்ளை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போன வாரம் மேடையில் உளறியதை ஓட்டிப் பார்க்கும் பெண்ணை உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பெற்றவர்களுக்கே தெரியாது. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்து மதிப்பெண் போட முடியாது என்பதால்தான் இந்தத் துறையில் பிள்ளையிடமே கேட்கிறார்கள்.

'எதற்கு' என்பதற்கு ஒரு கதை உண்டு. 1989 அக்டோபர் 17, கலிபோர்னியாவில் லோமா பிரியட்டா பூகம்பம். அதற்கு 14 நாள் முன்பு, பூகம்பம் வரும் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 137 பேரிடம் நோலன்-ஹொக்சிமாவும் மாரோவும் கேள்வித்தாள் வாங்கி வைத்திருந்தார்கள். பூகம்பத்துக்குப் பிறகு 10 நாளில் ஒருமுறை, 7 வாரத்தில் ஒருமுறை திரும்பக் கேட்டார்கள். முன்பே புழுங்கும் பழக்கம் அதிகமாக இருந்தவர்கள், ஏற்கெனவே இருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தாலும், பின்னால் அதிகம் சோர்ந்திருந்தார்கள். துயரத்துக்கு முன்னாலேயே அளந்து வைத்திருந்ததால்தான் இது தெரிய வந்தது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது துயரத்துக்குப் பின்னால்தான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 15 முதல் 22 வயது வரையான 251 பேரை, கவலை அளவுகோல், ரூமினேஷன் அளவுகோல் இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் வந்ததை வைத்தே தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப வரும் நினைப்பைக் குறைக்கப் பழக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வு. பயிற்சிக்குக் காத்திருந்தவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்களிடம் ஒரு வருடத்தில் மனச்சோர்வு கணிசமாகக் குறைவாக இருந்தது. அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க உதவியவை கேள்வித்தாள்கள்தான்.

கரும்பலகை:
சரி, பூகம்பக் கதை நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளையே காணோம் என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பத்தாவது அம்மா:
நான் ஆய்வாளர் இல்லை, பத்தாவது படிக்கும் பெண்ணின் அம்மா. உங்கள் பேச்சைப் படிக்கப் படிக்க என் வீட்டைப் பார்ப்பது போல் இருக்கிறது.

என் மகள் தனியாகப் புழுங்குவதில்லை. அவளும் அவளுடைய தோழியும் சேர்ந்து புழுங்குகிறார்கள். இன்னொரு பெண் ஏதோ சொன்னாளாம். அதற்கு என்ன அர்த்தம், ஏன் அப்படிச் சொன்னாள், அந்தத் தொனி என்ன என்று மூன்று நாளாக வாய்ஸ் மெசேஜ். சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்கிறாள். நிறுத்தச் சொன்னால், "ஃப்ரெண்டுகிட்ட மனசு விட்டுப் பேசக்கூடக் கூடாதா" என்கிறாள். மனசு விட்டுப் பேசுவது நல்லதுதானே? எனக்கே குழப்பம்.

வைகைக்கரை:
அக்கா, நீங்கள் சொல்வதற்குத் தனிப் பெயரே உண்டு. சேர்ந்து புழுங்குதல் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அமாண்டா ரோஸ் 2002-இல் இதற்கென்று 27 வாக்கியக் கேள்வித்தாள் ஒன்று செய்தார். 3, 5, 7, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டார். கிடைத்த விடை உங்கள் குழப்பத்தை அப்படியே ஒத்தது. இப்படிப் பேசிக்கொள்பவர்களின் நட்பு நெருக்கமாக இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருந்தன. 2007-இல் தொடர்ந்து கவனித்தபோது, பெண்பிள்ளைகளிடம் நெருக்கம் ஒரு பக்கம், சோர்வும் பதற்றமும் ஒரு பக்கம் என்று இரண்டும் கூடிக்கொண்டே போயின. பையன்களிடம் நட்பு மட்டும் கூடியது.

மனசு விட்டுப் பேசுவது தப்பு என்று இதற்குப் பொருள் இல்லை. பேசி முடித்து எழுந்து போகிறார்களா, அதே இடத்தில் சுற்றுகிறார்களா என்பதுதான் அந்தக் கேள்வித்தாள் கேட்பது.

பத்தாவது அம்மா:
எழுந்து போவதில்லைம்மா. சார்ஜ் தீர்ந்தால்தான் போகிறார்கள்.

புள்ளியியல் புலி:
வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நியூசிலாந்தில் ஜோஸ், பிரவுன் இருவரும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். ரூமினேஷனில் ஆண், பெண் வித்தியாசம் 12 வயதில் தெரிந்தது, மனச்சோர்வில் 13-இல். வரிசையைக் கவனியுங்கள். மேடம் 13-இல் தொடங்குகிறார். என்னைக் கேட்டால் ஒரு வருடம் தாமதம்.

சரி, எந்த அளவுகோல்? மூன்றைச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கென்றே ஆபெலா குழு செய்த சி.ஆர்.எஸ்.க்யூ. 25 வாக்கியம். அதில் 13 ரூமினேஷனுக்கு, 7 கவனத்தைத் திருப்பிக்கொள்வதற்கு, 5 பிரச்சினையைத் தீர்க்கப் பார்ப்பதற்கு. சோகமாக இருக்கும்போது என்ன செய்வாய் என்று கேட்கும். ஆர்.ஆர்.எஸ்-இன் வாரிசு என்பதால், சோர்வின் அறிகுறியையே கேட்கும் அந்தப் பழைய நோய் கொஞ்சம் இதிலும் உண்டு.

கவலைக்கு பி.எஸ்.டபிள்யூ.க்யூ-வின் பிள்ளைகள் பதிப்பு, 1997. 14 வாக்கியம். இது வரப்போவதைப் பற்றிய பயத்தைப் பிடிக்கும், நடந்து முடிந்ததை விட்டுவிடும். அதில் மூன்று வாக்கியங்கள் தலைகீழானவை, 'நான் கவலைப்படுவதில்லை' என்கிற மாதிரி. தமிழில் அதற்கு எதிரே 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டம் வந்தால், கவலைப்படுவதில்லை என்பது ஒருபோதும் இல்லை என்று இரண்டு 'இல்லை' மோதும். எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது, 13 வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நெதர்லாந்தில் மூரிஸ் குழு 2001-இல் அந்த மூன்றையும் எடுத்துவிட்டு 11-ஆகப் பயன்படுத்தலாம் என்றது. அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, பி.டி.க்யூ. ஏரிங் குழு 2011-இல் பெரியவர்களுக்குச் செய்தது. 15 வாக்கியம், 0 முதல் 4, மொத்தம் 60. பிள்ளைகளுக்கான பதிப்பு 2015-இல் வந்தது, 9 முதல் 15 வயதுவரை சோதித்திருக்கிறார்கள். நான் இதைத்தான் எடுப்பேன். காரணம், நினைப்பு எதைப் பற்றியது என்று இது கேட்பதே இல்லை. பரீட்சையா, அப்பா திட்டியதா, காதலா, கவலையில்லை. அது எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்கும். திரும்பத் திரும்ப வருகிறதா, கூப்பிடாமல் வருகிறதா, விட முடியவில்லையா, அதனால் ஏதாவது உருப்படியாக நடந்ததா, மற்ற வேலைக்கு மண்டையில் இடம் விடுகிறதா.

நல்லூர் உளவளத்துணை:
மூன்றாவதற்கு என் வாக்கும். வந்த பிள்ளைகள் எத்தனையோ விஷயத்தைப் பற்றி யோசிப்பார்கள், ஆனால் எல்லாரும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்வார்கள்: விடுதில்லை.

வைகைக்கரை:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பி.டி.க்யூ-வின் பிள்ளைகள் பதிப்பைத் தமிழாக்கி (வாக்கியங்களை இங்கேயே இணைத்திருக்கிறேன்), இந்த முறை தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், ஒவ்வொருவரிடமும் பக்கத்தில் உட்கார்ந்து, "இதைப் படிச்சதும் உனக்கு என்ன தோணுது, ஏன் இந்தக் கட்டத்துல டிக் போட்டே" என்று கேட்டேன்.

முதல் வாக்கியம், 'ஒரே நினைப்பு மனதுக்குள் திரும்பத் திரும்ப வரும்'. ஒரு பையன் 4. "என்ன நினைப்புடா?" "ஒரு பாட்டுக்கா. காலையிலேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கு." இன்னொருத்தி 3. என்ன என்றால் வேதியியல் சமன்பாடு. டீச்சர் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்! நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டுவது நோய் இல்லை, படிப்பு.

உண்மையில் தாளின் தலைப்பில் 'கஷ்டமான விஷயங்களையோ பிரச்சினைகளையோ நினைக்கும்போது' என்று தெளிவாக இருக்கிறது. யாரும் படிக்கவில்லை. நேராக முதல் கேள்விக்குப் போய்விட்டார்கள். அதனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னாலும் 'மனசுக்குக் கஷ்டமான ஒன்றை நினைக்க ஆரம்பித்தால்' என்று சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். நீளமாகும்.

அடுத்து பதில் கட்டங்கள். 'ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரங்களில், அடிக்கடி, எப்போதும்' என்று போட்டிருந்தேன். 'அரிதாக' என்பதை இரண்டு பேர் 'அறிதாக' என்று நினைத்து, தெரியும் என்று சொல்வதற்கான கட்டம் என எடுத்துக்கொண்டார்கள். 'எப்போதாவது' என்று மாற்றினேன். இப்போது 'எப்போதாவது' பெரிதா 'சில நேரங்களில்' பெரிதா என்று சண்டை.

புள்ளியியல் புலி:
சண்டையை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டிருந்தால் இது ஒன்றுகூட வெளியே வந்திருக்காது. 'அசைபோடுதல்' அந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிய சொல், மறக்க வேண்டாம்.

கட்டங்களுக்கு ஒரு யோசனை. சொல்லோடு படமும் போடுங்கள். காலி டம்ளர், கால், அரை, முக்கால், நிறைந்த டம்ளர். ஆனால் மூலத்திலிருந்து விலகியதை ஆய்வறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

அப்புறம் ஆல்ஃபா எண், அதாவது வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான எண், 0.9 வந்துவிட்டது என்று குதிக்காதீர்கள். 15 வாக்கியமும் கிட்டத்தட்ட ஒன்றையே கேட்பதால் அது வரத்தான் செய்யும். டூரை நினைத்து 4 போட்ட பையன் 15 வாக்கியத்துக்கும் 4 போட்டாலும் ஆல்ஃபா அழகாகத்தான் வரும். பிள்ளைகள் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள் என்றுதான் அது சொல்லும், சரியானதைப் புரிந்துகொண்டு சொன்னார்களா என்று சொல்லாது. இரண்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கொடுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கியங்கள் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் ஒத்துக்கொள்வது அதிகம் என்பதாகவும் இருக்கலாம்.

சைக்கிள் கடை:
போனில் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை 'இப்ப என்ன நினைக்கிறே' என்று கேட்டுவிட்டால் தீர்ந்ததே? எதற்கு இவ்வளவு பாடு?

வைகைக்கரை:
அந்த முறையும் உண்டு சார், நல்ல முறையும்கூட. போன வாரம் எவ்வளவு நினைத்தாய் என்பதைவிட, இப்போது என்ன என்பதற்குப் பதில் துல்லியமாக வரும். ஆனால் என் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பள்ளிக்குள் கொண்டுபோகக் கூடாது. 'இப்ப என்ன நினைக்கிறே' என்ற கேள்வி அப்பாவுக்குத்தான் போகும்.

சைக்கிள் கடை:
அதையும் ஒரு ஆய்வாகச் செய்யலாம்.

கரும்பலகை:
இங்கே வருவதில்லை என்றுதான் இருந்தேன். டம்ளர் படம் என்றதும் வந்துவிட்டேன். உருப்படியாக நாலு விஷயம் சொல்கிறேன்.

விளையாட்டு பீரியடில் தாளைக் கொடுக்காதீர்கள், எல்லாம் 0 வரும், ஓடுவதற்கு. காலாண்டு, அரையாண்டுக்கு முந்தைய வாரமும் வேண்டாம், எல்லாம் 4 வரும். தாள் என்றால் பிள்ளைகளுக்குத் தேர்வுதான், "சார், சரியான விடை எது" என்று கேட்பார்கள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவார்கள், பெஞ்சுக்கு இரண்டு பேராக உட்கார வைக்க வேண்டும். பெயரும் வரிசை எண்ணும் எழுதச் சொன்னால் ஒருவரும் உண்மை எழுத மாட்டார்கள். வகுப்பாசிரியர் அறையில் நிற்கவே கூடாது. நான் உட்பட.

இப்போது என் பழைய கேள்வி. 60-க்கு 55 வருகிற பிள்ளையை என்ன செய்வீர்கள்?

புள்ளியியல் புலி:
இந்த எண்ணுக்கு மேல் நோய் என்ற கோடு இந்த அளவுகோலுக்குக் கிடையாது. அது நோயைக் கண்டறிகிற கருவியும் இல்லை.

நல்லூர் உளவளத்துணை:
கோடு இல்லை என்பது சரி. ஆனால் ஆசிரியர் கேட்டது அதை அல்ல, தம்பி. பக்கத்தில் உட்கார்ந்து "என்ன நினைப்பு?" என்று கேட்கிற கணத்தில் கதவைத் தட்டியாயிற்று. அளவுகோலில் தற்கொலை பற்றி ஒரு வாக்கியமும் இல்லாவிட்டாலும் பிள்ளை அதைச் சொல்லக்கூடும். அந்த இடத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தாளைக் கொடுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். எங்கட நாட்டில் 1926 மனநல உதவி எண். உங்கள் பக்கம்?

வைகைக்கரை:
டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104-உம் உண்டு, பிள்ளைகளுக்கு 1098. தாளின் கடைசியில் அச்சடித்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே தாள்தான், மதிப்பெண் கூடியவருக்கு மட்டும் என்று கொடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

பெயர் வேண்டாம் என்பது சரி சார், ஆனால் பெயரே இல்லையென்றால் 55 வந்த பிள்ளையைத் தேடிப் போக முடியாது. அதனால் குறியீட்டு எண் கொடுக்கிறேன். எந்த எண் யார் என்ற பட்டியல் ஆலோசகரிடம் மட்டும் பூட்டி இருக்கும். இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி பெற்றோர் ஒப்புதலோடு 12 வயது முதல் பிள்ளையின் எழுத்து சம்மதமும் வேண்டும், அந்தச் சம்மதத் தாளிலேயே இதை எழுதிவிட்டேன்.

'ஆளையே காணோம்' என்றீர்கள், அதற்கும் பதில். ஆய்வு முடிந்ததும் நான் இரண்டு பீரியட் கேட்டு வருவேன், வாங்குவதற்கு இல்லை, கொடுப்பதற்கு. எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளரின் பயிற்சி முறையிலிருந்து ஒரு சின்னப் பகுதி. புழுங்குகிற மனம் 'ஏன் எனக்கு இப்படி' என்று கேட்டுக்கொண்டே இருக்கும், அதை 'அன்றைக்கு என்ன நடந்தது, எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்' என்று திருப்பப் பழக்குவது. பீரியட் கொடுப்பீர்களா?

கரும்பலகை:
என்னுடையதைத் தருகிறேன். பக்கத்து வகுப்புக்கு நான் பொறுப்பில்லை.

பத்தாவது அம்மா:
வைகைக்கரைம்மா, நீங்கள் போட்டிருந்த வாக்கியங்களை என் மகளிடம் காட்டினேன். தப்பில்லையே? அவளே கேட்டாள், "என்னம்மா ராத்திரி பூரா போன்ல, என்னைச் சொல்றே, நீ என்ன பண்றே" என்று. காட்டிவிட்டேன்.

'தேவையற்ற எண்ணங்களை என்னால் நிறுத்த இயலவில்லை' என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்து, "லேப் ரெக்கார்டு எழுதுற மாதிரி இருக்கு" என்றாள். சரி, நீ எப்படிச் சொல்வாய் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "நான் எங்கம்மா நிறுத்தப் பாக்குறேன்? அதுதான் என்னை விடமாட்டேங்குது."

வைகைக்கரை:
அக்கா, மகளிடம் கேட்டுவிட்டு அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாமா? 'அந்த நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது.'

புள்ளியியல் புலி:
எழுவாய் மாறுகிறது, கவனம். மூலத்தில் பிள்ளை நிறுத்தப் பார்த்துத் தோற்கிறது. இதில் நினைப்பு பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றா என்று எனக்கு உறுதியில்லை. முன்னோட்டத்தில் பாதிப்பேருக்கு அதுவும் பாதிப்பேருக்கு இதுவுமாகக் கொடுத்துப் பாருங்கள். அளவுகோல் செய்தவர்களுக்கும் எழுதிக் கேளுங்கள், எப்படியும் அனுமதி வாங்க வேண்டும்.

பத்தாவது அம்மா:
எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பெயர் போட வேண்டாமாம்.

வைகைக்கரை:
போடமாட்டேன் என்று சொல்லுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். கரும்பலகை சார், திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் சரியா?

கரும்பலகை:
மூன்றாவது வேண்டாம், சத்துணவு வாசனை வந்துவிடும். இரண்டாவது.